நான்காம் ஜாடியின் பெயர்

அந்த அஞ்சலட்டையில் ஐந்தே வரிகள். "ஆறாம் நாள். நுரை அடங்கிவிட்டது. நிறம் காய்ந்த வைக்கோல். கசப்பு போதவில்லை, நிலவேம்பு அரைப் பிடி கூட்டினேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தால் சுவைத்துப் பார்க்கலாம்." எழுதியவர் ஜவ்வாது மலைமேல் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர். பெறுநர் நான். பெயருக்குக் கீழே என் பதவியையும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்: மதுவிலக்கு ஆய்வாளர், ஆலங்காயம். எழுபதுகளின் பிற்பகுதி அது. மாநிலம் முழுக்க மதுவிலக்கு. தான் வீட்டில் பீர் தயாரிப்பதை, அதைத் தடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆளுக்கு, தபால்காரரில் தொடங்கி எங்கள் அலுவலகப் பியூன்வரை எல்லோரும் படிக்கும்படி ஒரு மனிதர் எழுதி அனுப்புகிறார் என்றால் அவர் பெரிய அயோக்கியராக இருக்க வேண்டும், அல்லது கொஞ்சமும் கள்ளமில்லாதவராக இருக்க வேண்டும். என் உத்தியோக காலத்தில் முதல் வகையை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையில் இவர் ஒருவர்தான்.

மலையில் ஒரு சோதனைக்குப் போன இடத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து, அவருடைய சுகாதார நிலையத்தில் மூன்று நாள் கிடந்தேன். அப்படித்தான் பழக்கம். மூன்றாம் நாள் மாலை ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டி, "இது மருந்து இல்ல இன்ஸ்பெக்டர். குடிச்சுட்டு உண்மையச் சொல்லுங்க" என்றார். சந்தேகத்துக்குரிய திரவத்தை அதிகாரி முகர்ந்து அறியலாம் என்று எங்கள் நடைமுறை சொல்கிறது. சுவைக்கலாம் என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. விதி வாய்திறக்காத இடத்தில் அதிகாரி தன் விவேகத்தைப் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தினேன். மெல்லிய புளிப்பு, பின்னால் தானியத்தின் இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் நிலவேம்பு. நன்றாக இருந்தது என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "நன்றாக இருக்கிறது" என்பது அவருக்குப் பயன்படாத தகவல். எங்கே புளிக்கிறது, எவ்வளவு நேரம் கசக்கிறது, விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது, இவைதான் வேண்டும். ஒரு நீள நோட்டை எடுத்துவந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் குற்றவாளிகளை அவ்வளவு நுணுக்கமாக விசாரித்ததில்லை.

அவர் குடிகாரர் அல்ல. ஒரு ஜாடிக்கு இரண்டு வாய்க்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியிருந்தது சோதனை. சாமையையும் கேழ்வரகையும் ஊறவைத்து, முளைகட்டி, வெயிலில் காயவைத்து, திரித்து, கூழாக்கி, ஆறவைத்து, மலை வீடுகளில் கேட்டு வாங்கிவந்த பழைய பானை வண்டலைக் கலந்து பெரிய ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றுவார். வாயைக் கார்க்கால் அடைத்து, அதன் நடுவே குளுக்கோஸ் ஏற்றும் டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டுவிடுவார். உள்ளே புளிக்கப் புளிக்க, காற்று அந்தத் தண்ணீரில் குமிழியிட்டு வெளியேறும். அடர்த்தி பார்க்கக் கண்ணாடி மிதவை ஒன்று வைத்திருந்தார். அது சிறுநீர் அடர்த்தி பார்க்க அரசு வழங்கிய கருவி என்பதை ஏழெட்டு ஞாயிறுகள் கழித்துத்தான் சொன்னார். நன்றாகக் கழுவித்தான் போடுவதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைச் சுவைப்புக்கு நிரந்தரமாக மூன்று பேர்: டாக்டர், நான், தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க வாணியம்பாடியிலிருந்து மலையேறும் ஒரு பாய். பாய் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். "நம்மளுக்குக் குடி கெடையாது டாக்டர் சாப். மோந்து பாக்கறதுக்கு இன்னா?" என்று டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். தோல் மண்டியில் பழகிய மூக்கு அது. எந்த ஜாடியில் தானியம் சரியாகக் காயவில்லை, எதில் வண்டல் பழசு என்று சொல்லிவிடுவார். எங்கள் மூவரில் நம்பத்தகுந்த ஒரே சாட்சி குடிக்காதவர்தான்.

இனி அவளைப் பற்றி. பக்கத்து மலைக் கிராமத்துப் பெண், அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை சோதனைக்கு வரும்போது ஒரு படி சாமை கொண்டுவருவாள். மற்ற வீட்டுச் சாமையைவிட அவள் கொண்டுவந்தது எப்படியோ மேலாக முளைத்தது. ஜாடிகள் இருந்த பின்கட்டுக் கொட்டகையை ஒருநாள் எட்டிப் பார்த்தாள். டியூப்கள் தண்ணீருக்குள் குமிழிவிடும் சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

"இன்னா டாக்டரே, எல்லாம் ஒரே சமயத்துல பேசுது?"

"பேசுதா?"

"எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. பானை பேசச்சொல்ல பக்கத்துல யார் பேரையும் சொல்லாதீங்க. அது கேட்டு வெச்சுக்கும்."

"சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். எழுதிவைத்தார். எந்த வீட்டுத் தானியம் எந்த ஜாடியில் என்று தெரிய வேண்டாமா? வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, தானியம் தந்தவரின் பெயரை மையால் எழுதி ஒவ்வொரு ஜாடியிலும் ஒட்டினார். நான்காம் ஜாடியில் அவள் பெயர். அவளுக்கு எழுத்து தெரியாது.

அதன்பின் எங்கள் பேச்சில் அந்தப் பெயர் ஒரு சரக்கின் பெயராகிவிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவள் பெயரைச் சொல்லி இன்னும் அரை டம்ளர் கேட்டிருக்கிறேன். போன மாதத்தைவிட இந்த மாதம் அவளில் கசப்பு குறைவு என்று டாக்டர் நோட்டில் எழுதியிருக்கிறார். அப்போது அதில் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாய்க்கு மட்டும் ஏதோ தோன்றியிருக்கிறது. ஒரு ஞாயிறு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் காதைத் திருப்பினார்.

"டாக்டர் சாப், மத்ததெல்லாம் அது இஷ்டத்துக்குக் கொப்புளிக்குது. அந்த நாலாவது மட்டும் மூணு மூணா விடுது, பாத்தீங்களா?"

போய்க் கேட்டோம். மூன்று குமிழி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று குமிழி. டியூபில் மடிப்பு இருக்கும் என்று டாக்டர் நீவிவிட்டார். மாறவில்லை. அவள் பெயர் மூன்றெழுத்து என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பங்குனியில் எங்கள் மேலதிகாரிக்கு ஒரு மொட்டை மனு போயிற்று. மனு வந்தால் விசாரணை, விசாரணை என்றால் நான். டாக்டருக்கு நான்கு நாள் முன்பே ஆள்விட்டுச் சொல்லியனுப்பினேன்; என் பணிவாழ்வில் செய்த வெளிப்படையான குற்றம் அது ஒன்றுதான். போய்ப் பார்த்தால் நான்கு ஜாடிகளும் அப்படியே இருந்தன. "இன்னும் மூணு நாள்ல முடிஞ்சிடும் இன்ஸ்பெக்டர். பாதியில எப்படிக் கொட்டறது?" என்றார். என்னோடு இரண்டு காவலர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் என்னால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

அவரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. மலையில் புதரிலும் பள்ளத்திலும் புதைத்த சாராய ஊறலைக் கண்டெடுக்கும்போது, ஆள் கிடைக்காவிட்டால் 'கேட்பாரற்றுக் கிடந்தது' என்று எழுதுவோம். குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. அப்படியே எழுதுவது என்று தீர்மானித்து, மற்றதெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று கவனமாக இருந்தேன். ஒரு பெரிய பொய்யைச் சின்னச் சின்ன நிஜங்களால் முட்டுக்கொடுப்பது எங்கள் துறையின் கலை. ஜாடிக்கு ஒரு புட்டி வீதம் நான்கு மாதிரி எடுத்து, அரக்கு முத்திரையிட்டேன். ஜாடிமேல் இருந்த வாசகத்தை அப்படியே புட்டிச் சீட்டிலும் எழுதி, சாட்சிகளான, அன்று பட்டை வாங்க வந்திருந்த பாயிடமும் சுகாதார நிலைய மருந்தாளுநரிடமும் கையெழுத்து வாங்கிப் பைக்குள் வைத்தேன். பிறகு ஜாடிகளை வெளியே எடுத்து, சுகாதார நிலைய வாசலில் வரிசையாக வைத்து, கைப்பற்றியதைப் பட்டியலிட்ட மகஜரை உரக்கப் படித்தேன். சாட்சிகளுக்குக் கேட்க வேண்டும் என்பது முறை. பிரதி எழுதிய காவலர் மெதுவான ஆள். நான்காம் ஜாடியின் வாசகத்தை, அதாவது அவள் பெயரை, மூன்று தடவை படிக்கவேண்டி வந்தது. உயிரெழுத்தை நீட்டாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவதுபோல. ஜாடிகளில் டியூப்கள் அப்படியே இருந்தன. நான்காம் ஜாடி பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை படித்து நிமிர்ந்தபோது கேட்டருகே ஒரு தூளி நின்றிருந்தது. மூங்கிலில் போர்வையைக் கட்டி நான்கு பேர் தூக்கிவந்திருந்தார்கள். உள்ளே அவள். வலியெடுத்து ஒரு முழு நாள் ஆகியிருந்தது. பிள்ளை வயிற்றில் குறுக்கே திரும்பியிருக்கிறது என்று தெரிந்துதான் தூக்கிவந்திருக்கிறார்கள். டாக்டர் படியிறங்கி ஓடினார். அவளுடைய மாமியார் கையை நீட்டி அவரை மறித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சாரு இது, எங்க வூட்டு மருமவ பேர ஏலம் போடறீங்க?"

நான் விளக்க முயன்றேன். ஐந்தாவது வரை படித்திருந்த அவள் கணவன் முன்னால் வந்து பிளாஸ்திரியை எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்துவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தான். தூக்கியவர்கள் தூளியைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள்.

"மறந்துடக் கூடாதுன்னுதானே எழுதறீங்க டாக்டரே" என்றாள் மாமியார், சண்டையே இல்லாத குரலில். "அதுவும் மறக்காது. அதுல இவ பேரு இருக்கச்சொல்ல இவள எப்படி உள்ள வுடறது? மொதல்ல கொட்டுங்க. ஒரு சொட்டு நிக்கக் கூடாது. அப்புறம் தூக்கினு வரோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கொட்டுவதற்குத் தடையேதும் இல்லை. மாதிரி எடுத்தபின் ஊறலைச் சம்பவ இடத்திலேயே அழிக்கலாம் என்று நடைமுறையே சொல்கிறது. தலையசைத்தேன். அவரும் பாயும் அந்த ஜாடியைப் புளியமரத்தடிக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தார்கள். நுரை மண்ணில் ஊறி இறங்கியது. பிளாஸ்திரியைக் கிழித்து அதன்மேல் போட்டார்கள். மற்ற மூன்றையும் காவலர்கள் கொட்டினார்கள். சத்தம் நின்றது.

நின்றது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் தோளில் தொங்கிய காக்கிப் பைக்குள் முத்திரையிட்ட நான்காவது புட்டி இருந்தது. புளித்து முடியாத சரக்கு. அரக்கின் ஏதோ ஒரு பிளவு வழியாக அது மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. மிக மெல்லிய சத்தம். மூன்று தடவை, ஓர் இடைவெளி, மூன்று தடவை. மாமியார் என் பையைப் பார்த்தாள்.

"அதுல இன்னா சாரு?"

"ஆபீஸ் காகிதம்" என்றேன்.

பையிலிருந்து எடுத்து மண்ணில் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஆனால் மகஜரில் மாதிரிப் புட்டிகள் நான்கு என்று எழுதியாயிற்று, சாட்சிகள் கையெழுத்தும் ஆயிற்று. நான்கு என்று எழுதிவிட்டு மூன்றை அனுப்பினால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் டாக்டர் பெயர் வெளியே வரும். இதெல்லாம் அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டவை. உண்மை அதைவிடச் சிறியது. எழுதியதை அடிப்பது எனக்குப் பிடிக்காது.

"எல்லாம் போச்சா?" என்று மாமியார் கேட்டாள்.

"போச்சு."

தூளி உள்ளே போனது. டாக்டர் இரண்டு மணி நேரம் போராடினார். வெயில் சாய்வதற்குள் பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். பாய் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பேருந்தைப் பிடித்து இறங்கி, நான்கு புட்டிகளையும் முறைப்படி ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பரிசோதனை முடிவு சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னது. குற்றவாளி இல்லாத வழக்கானதால் கோப்பு மூடப்படவில்லை. கோப்பு மூடாதவரை மாதிரியை அழிக்க முடியாது.

டாக்டர் அதன்பிறகு ஜாடி வைக்கவில்லை. ஆனால் அஞ்சலட்டைகள் நிற்கவில்லை. முதல் அட்டை பத்து நாளில் வந்தது. "தையல் பிரிக்க வந்தாள். பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மாமியார் 'ஏ புள்ள' என்றதும் திரும்பினாள்." அடுத்தது: "ஐந்தாம் வாரம். காது நன்றாக இருக்கிறது. கடிகாரச் சத்தம் கேட்கிறது. பின்னால் நின்று எந்தச் சொல் சொன்னாலும் கேட்கிறது. பெயர் மட்டும் சேரவில்லை." அதே கையெழுத்து, அதே நாள் கணக்கு, நுரையும் நிறமும் எழுதிய அதே நிதானம். ஒன்பதாம் மாதம்: "கணவன் கூப்பிட்டும் பதில் இல்லை. அவளிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்." ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரே கேள்வி: "அன்று முழுவதும் கொட்டிவிட்டோம் அல்லவா?" எல்லா அட்டைக்கும் பதில் எழுதினேன். அந்த வரிக்கு மட்டும் எழுதவில்லை. அவர் தெற்கே மாற்றலாகிப் போனபிறகும், லீவு போட்டு மலையேறிப் பார்த்துவிட்டு எழுதினார். பிறகு ஒருநாள் வேறொருவர் கையெழுத்தில், மூலையில் கறுப்பு தடவிய கருமாதி அட்டை வந்தது. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சட்டம் தளர்ந்தது. பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும் பொறுப்பு, என் நேர்த்தியை மெச்சி, எனக்கே வந்தது. முதல் வேலையாக அந்தக் கோப்பை மூடினேன். மாதிரி நான்கும் அழிக்கப்பட்டதாகப் பதில் கிடைத்ததும் பேருந்தேறினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணம். அதைவிட, திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கொல்லையில் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஓர் ஆறு வயதுப் பெண்குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. இருபது அடி தள்ளி நின்று அவள் பெயரைச் சொன்னேன். ஒரே தடவை.

உடனே நிமிர்ந்து திரும்பினாள். கையில் அரிவாள். முகத்தில் வியப்பே இல்லை.

"வந்துட்டீங்களா சார்" என்றாள்.

புட்டி அழிந்ததால்தான் திரும்பினாள் என்று நினைத்து, பாதி சந்தோஷத்தில் பாதி வெட்கத்தில் எல்லாவற்றையும் உளறினேன். பை, புட்டி, ஆபீஸ் காகிதம். அவள் பொறுமையாகக் கேட்டாள். அதற்குள் அவள் கணவன் அங்கே வந்துவிட்டான். அவளைப் பார்க்கச் சொல்லி எனக்குக் கையைக் காட்டிவிட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது சார்" என்றாள். "எனக்குக் கேக்காம இல்ல. எங்க வூட்டு ஆளு கூப்ட்டாலும், டாக்டரு கூப்ட்டாலும், அன்னிக்குத் தூளியில படுத்துக்கினு கேட்டேனே, உங்க குரலு, அதுதான் கேக்குது. அதே மாதிரி, மூணு வாட்டி. நீங்க இங்க இல்லன்னு எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குத் திரும்பறது?"

"இப்ப?"

"இப்ப நீங்க இருக்கீங்களே."

பயமாக இருந்ததா என்று கேட்டேன். மொதல்ல இருந்தது, அப்புறம் பழகிப்போச்சு, என்றாள். அந்தக் குரலு ராத்திரியிலயும் வரும், பகல்லயும் வரும், மாடு கத்தற மாதிரிதான். குழந்தை ஓடிவந்து 'அம்மா' என்று காலைக் கட்டிக்கொண்டது. அதற்குக் குனிந்தாள்.

அவள் கணவன் என்னைப் பேருந்துப் பாதைவரை கொண்டுவந்து விட்டான். பேருந்து வளைவில் தெரிந்ததும் சொன்னான். "வருசத்துக்கு ஒரு வாட்டி வந்து கூப்ட்டுட்டுப் போங்க சார். பேர் வெச்சவங்க செத்துட்டாங்க. நாங்க கூப்ட்டா சேரல. யாராவது ஒருத்தர் கூப்ட்டாத்தானே அது அவளுக்குப் பேரு?" வருகிறேன் என்றேன். அன்று மனதாரத்தான் சொன்னேன். போகவில்லை. மாற்றல், பதவி உயர்வு, மகள் கல்யாணம் என்று காரணங்கள் வரிசையில் நின்றன. எல்லாம் முறையான காரணங்கள். நிஜமான காரணம், என் குரலை அவள் முகத்தில் மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது அவளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

போன மாதம் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். சாயம்போன பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எழுத்தர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார், ஏற்ற இறக்கம் இல்லாமல். என் பெயரைப் படித்தார். கேட்டது. எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை படித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் என் முழங்கையைத் தட்டினார். மூன்றாம் தடவை படித்தபோது எழுந்துபோய்க் கைநாட்டுக் கருவியில் விரலை வைத்தேன்.

"ஒரு வருசம் வராட்டி இன்னா ஆகும்?" என்று அவரைக் கேட்டேன். விதி எனக்குத் தெரியாததல்ல.

"இன்னா ஆகும் சார், ஆள் இல்லன்னு எழுதிடுவோம். அவ்ளோதான்" என்றார், நிமிராமலே.

வெளியே வீட்டுக்குப் போகும் பேருந்து நின்றிருந்தது. அதை விட்டுவிட்டு, ஆலங்காயம் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது தொண்டையைச் செருமிக்கொண்டேன். இந்த வருடங்களில் குரல் நடுங்கவும் கரகரக்கவும் தொடங்கிவிட்டது. பழைய தட்டையான குரல் வருகிறதா என்று ஊர் எல்லை தாண்டும்வரை அவள் பெயரை மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.